ஜெர்மனியின் சூட்லிங்க்: மண்ணுக்குள் இறங்கிய மின்பாதை

ஜெர்மனியின் வட கடலோரத்தில் காற்று பலமாக வீசும் நாட்களில் காற்றாலைகள் சில நிறுத்தி வைக்கப்படுகின்றன. அதே வேளையில், தொழிற்சாலைகள் மிகுந்த தெற்கில் மின் நிலையங்கள் கூடுதலாக இயக்கப்படுகின்றன. வடக்கின் மின்சாரத்தைத் தெற்கே கொண்டு செல்லப் போதிய மின்பாதை இல்லாததே காரணம். இரு தரப்புக்கும் பணம் தரப்படுகிறது. அது நுகர்வோரின் மின் கட்டணத்தில் வந்து சேருகிறது.

2011-இல் ஃபுகுஷிமா விபத்தை அடுத்து அணுமின் நிலையங்களை மூடுவதென பெர்லின் முடிவெடுத்ததும் இந்தத் தேவை அவசரமானது. அதற்காக வகுக்கப்பட்டதே சூட்லிங்க். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனிலிருந்து பவேரியா, பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலங்களுக்குச் சுமார் 700 கிலோமீட்டர் நீளும் இப்பாதை, 525 கிலோவோல்ட் அழுத்தத்தில் 4,000 மெகாவாட் மின்சாரத்தைக் கடத்தும்.

2014-இல் உத்தேசப் பாதை வெளியானதும், உயர்ந்த கோபுரங்களுக்கு எதிராகக் கிராமங்களில் குரல் எழுந்தது. அப்போதைய பவேரிய முதல்வர் ஹோர்ஸ்ட் ஸீஹோஃபரும் எதிர்ப்பாளர் பக்கம் நின்றார். 2015-இல், இத்தகைய பாதைகளில் நிலத்தடிக் கேபிளுக்கே முன்னுரிமை எனச் சட்டம் திருத்தப்பட்டது. அரசியல்வாதிகளுக்கு அது சமரசம். பொறியாளர்களுக்கோ திட்டத்தை மீண்டும் முதலிலிருந்து வரையும் வேலை. 2022-இல் முடிந்திருக்க வேண்டிய பாதையின் கட்டுமானம் 2023-இல்தான் தொடங்கியது. 2028 இறுதி என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. செலவு மதிப்பீடு சுமார் 1,000 கோடி யூரோ. கடைசி மூன்று அணு உலைகளோ 2023 ஏப்ரலிலேயே மூடப்பட்டுவிட்டன.

மண்ணில் புதைத்த கேபிளில் மாறுதிசை மின்னோட்டத்தை நெடுந்தூரம் அனுப்ப இயலாது. கேபிளே ஒரு மின்தேக்கியாகி, ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னூட்டத்தை வாங்கித் திருப்பித் தரும். பயன்பாட்டுக்கான கொள்ளளவு அதிலேயே கரைந்துவிடும். ஆகவே இங்கு செல்வது நேர்த்திசை மின்னோட்டம். இரு முனைகளிலும் மாற்றி நிலையங்கள் அமைகின்றன. எல்ப ஆற்றை அதன் அடியிலான சுரங்கம் வழியாகப் பாதை கடக்கிறது. ஹைல்புரோன் பகுதியிலோ, வெட்டி முடித்த உப்புச் சுரங்கங்களின் ஊடாகவே கேபிள் செல்லவிருக்கிறது.

புதைத்ததால் எதிர்ப்பு ஓய்ந்துவிடவில்லை, இடம் மாறியது. கோபுரத்தைப் பார்க்க விரும்பாதவர்கள் அமைதியடைந்தார்கள்; நிலத்தை உழுபவர்கள் கேள்வி எழுப்பினார்கள். கேபிளின் வெப்பம் மண்ணை உலர்த்தாதா? கனரக வாகனங்கள் இறுக்கிய மண் பழைய விளைச்சலைத் தருமா? கேபிளுக்கு மேலே ஆழமாக வேரூன்றும் மரங்களை வளர்க்கவும் அனுமதியில்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் எதிரொலி உண்டு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் மின்பாதை அமைக்கப்பட்டபோது, கொங்குப் பகுதி விவசாயிகள் சாலையோரமாகக் கேபிளைப் புதைக்கும்படி கேட்டுப் போராடினார்கள். அவர்களது வயல்களில் கோபுரங்களே எழுந்தன. புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் பாதையின் ஒரு பகுதி மட்டும், கேரளத்துக்குள், நிலத்தடிக் கேபிளாக அமைந்தது.