புனே பேக்கரிகளில் மாவு உப்பும் விதம்

ரொட்டியும் கேக்கும் மென்மையாக வருவதற்குக் காரணம் மாவுக்குள் அடைபடும் வாயு. அது மூன்று வழிகளில் கிடைக்கிறது: ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், சோடா உப்பின் வேதிவினை, நீராவி. புனே பேக்கரிகளின் கண்ணாடி அலமாரியில் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். பாவ் என்னும் சிறு ரொட்டி ஈஸ்ட்டால் உப்பியது. பால்கோவா சேர்த்த மாவா கேக்கில் முட்டையோடு பேக்கிங் பவுடரும் சேரும். அடுக்கடுக்காகப் பொரிந்து நிற்கும் காரி பிஸ்கட்டுக்கு நீராவியே போதும். ஊரின் பெயரைப் பரப்பிய ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டுக்கோ உப்ப வேண்டிய அவசியமே இல்லை.

பாவ் மாவு மைதா, தண்ணீர், உப்பு, சிறிது சர்க்கரை, எண்ணெய், ஈஸ்ட் சேர்ந்தது. பேக்கரி ஈஸ்ட்டின் அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரவிசியே. அது முதலில் சேர்த்த சர்க்கரையைத் தின்கிறது. பிறகு மைதாவில் இயல்பாக உள்ள அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைத்துத் தரும் மால்ட்டோஸுக்குத் தாவுகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் நொதித்தல் முழுவீச்சில் நடக்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து இரண்டு எத்தனால் மூலக்கூறுகளும் இரண்டு கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளும் பிறக்கின்றன. எத்தனாலில் பெரும்பகுதி அடுப்பில் ஆவியாகிவிடும். வாயுதான் மாவைத் தூக்குகிறது.

ஆனால் ஈஸ்ட்டால் ஒரு குமிழியைக்கூடப் புதிதாக உண்டாக்க முடியாது. அது வெளிவிடும் வாயு முதலில் மாவின் ஈரத்தில் கரைகிறது. பிறகு பிசையும்போது சிக்கிக்கொண்ட நுண்ணிய காற்றுக் குமிழிகளுக்குள் புகுந்து அவற்றைப் பெரிதாக்குகிறது. ஆகவே ரொட்டியின் துளைகள் எத்தனை என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது பிசைகிற கைதான். ஒருமுறை பொங்கிய மாவை அமுக்கி மீண்டும் உருட்டுவதும் இதற்காகவே: பெரிய குமிழி ஒன்று சிறியவை பலவாக உடையும். அதே பிசைதலில் கோதுமையின் கிளையாடின், குளுட்டெனின் புரதங்கள் தண்ணீரோடு கூடி, பலூன் ரப்பர்போல் இழுபடும் குளூட்டன் வலையாகின்றன. வாயுவைப் பிடித்துவைப்பது அந்த வலை.

உருட்டிய உருண்டைகளைத் தட்டில் சிறு இடைவெளி விட்டு வரிசையாக வைக்கிறார்கள். உப்பும்போது அவை ஒன்றோடொன்று முட்டி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இப்படி ஒட்டி வேகும் லாடி பாவுக்கு மேல்புறம் மட்டும் சிவந்து, பிய்த்த பக்கங்கள் வெளுத்துப் பஞ்சாக இருக்கின்றன. விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாக நிரம்ப வேண்டும். சட்டென எழும்பினால் இன்னும் பொறுக்க வேண்டும்; எழும்பாமலே கிடந்தால் பதம் தாண்டிவிட்டது. அடுப்புக்குள் போனதும் வாயு விரிந்து மாவு கடைசியாக ஒருமுறை துள்ளி எழுகிறது. 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் ஈஸ்ட் மடியும். அதற்கு மேல் மாவுச்சத்து இறுகி, புரதம் கெட்டியாகி, வடிவம் நிலைத்துவிடும்.

பருவமும் குறுக்கிடும். புனேயில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 11, 12 டிகிரிக்கு இறங்கும். ஏப்ரல் பகல்களில் 38ஐத் தொடும். குளிரில் ஈஸ்ட் சோம்பும் என்பதால் அளவைக் கூட்டுவதோ வெதுவெதுப்பான நீர் ஊற்றுவதோ உண்டு. கோடையில் கவனிக்காமல் விட்டால் மாவு புளித்துத் தளர்ந்துவிடும்.

நம் இட்லி மாவு பொங்குவதும் நொதித்தலால்தான். அங்கே முக்கிய வேலையைச் செய்வது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்னும் பாக்டீரியா. குளூட்டன் இல்லாத குறையை உளுந்தின் வழவழப்பும் புரதமும் தீர்க்கின்றன.

சோடா உப்புக்குக் காத்திருக்கும் பொறுமை கிடையாது. தயிர், மோர் போன்ற அமிலம் பட்டதும் வாயுவை விட்டுவிடும். அமிலத்தையும் சேர்த்தே அடைத்த பேக்கிங் பவுடரை, ஈஸ்ட்டும் முட்டையும் ஒவ்வாத தன் மனைவிக்காக 1843இல் உருவாக்கினார் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் பேர்ட். காரியில் கொழுப்பு தடவி மடித்த மாவுத் தாள்களுக்கு இடையே நீர் ஆவியாகி, அடுக்குகளைப் பிரித்துத் தூக்குகிறது.

புனேயில் பேக்கரிப் பண்டங்கள் சண்டையின்றி நுழைந்துவிடவில்லை. 1890இல் பஞ்ச் ஹௌத் கிறித்தவ மிஷனில் கொடுத்த தேநீரையும் பிஸ்கட்டையும் ஏற்றது சாதி ஆசாரத்துக்கு மாறானது என்று பெரும் வழக்காகி, திலகர், ரானடே உள்ளிட்டோர் பிராயச்சித்தம் வரை போக நேர்ந்தது. பிறகு இரானியர்களின் கடைகள் ஊரின் காலைப் பழக்கத்தையே மாற்றின. டெக்கான் பகுதியின் கஃபே குட்லக் 1935இலும், கன்டோன்மென்ட் பகுதியின் கயானி பேக்கரி 1955இலும் தொடங்கின. பன் மஸ்காவும் மிசல் பாவும் இல்லாத புனேயை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம்.

ஈஸ்ட்டுக்கு இந்நகரில் ஆய்வக முகவரியும் உண்டு. தேசிய வேதியியல் ஆய்வகத்தில் 1951 முதல் இயங்கும் தொழில்துறை நுண்ணுயிர்களின் தேசியத் தொகுப்பு, பாக்டீரியா, பூஞ்சைகளோடு ஈஸ்ட் வகைகளையும் பாதுகாத்து, ஆய்வாளர்களுக்கும் ஆலைகளுக்கும் வழங்குகிறது.

வாயுவைப் பிடித்துவைக்கும் குளூட்டனை வலுவாக்கப் பல பேக்கரிகள் பொட்டாசியம் புரோமேட் சேர்த்துவந்தன. புற்றுநோய் ஐயத்தால் 2016 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் அதைத் தடைசெய்தது. இப்போது அந்த வேலைக்கு அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, பரவலாகப் பயன்படுகிறது.