சுடலையும் சட்டமும்

இறந்தோரை ஒப்படைக்கும் இடத்துக்கு எம் நாட்டுத் தமிழிற் பல பெயர்கள் உள. நாம் சுடலை என்கிறோம். மயானம் என்றுஞ் சொல்வோம். கிறிஸ்தவ அயலவர் சேமக்காலை என்பர். முஸ்லிம்கள் மையவாடி என்பர். பெயர் எதுவாயினும், எவ்விடத்தில், யாருடைய அனுமதியோடு, எவ்வாறு பிரேதத்தைப் புதைப்பது அல்லது எரிப்பது என்பதை இன்று வரையறுப்பது சட்டமே. தலைமுறை தலைமுறையாகக் கொள்ளி வைத்து வந்த எமக்கு, அந்த நெருப்புக்கு அரசின் அனுமதி வேண்டும் என்ற எண்ணம் எளிதிற் தோன்றுவதில்லை. ஆயின், எமது சட்டங்கள் பலவற்றுக்கு முன்மாதிரி தந்த இங்கிலாந்திலே, பிரேதத்தை எரிப்பது குற்றமா அன்றா என்று ஒரு நீதிபதி தெளிவாகச் சொல்ல 1884 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிறிஸ்தவ ஐரோப்பா நெடுங்காலம் புதைத்தே வந்தது. இறுதி நாளில் உடல் உயிர்த்தெழும் என்ற நம்பிக்கை அதற்கு ஆதாரம். மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு அந்நம்பிக்கையின் ஆழம் ஓரளவு தெரியும். அதை எள்ளி நகையாடுவது எம் நோக்கமன்று. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் மாநகரின் கோயில் வளவுகள் பிணங்களால் நிரம்பி வழிந்தன. 1850 களிலே பாராளுமன்றம் சட்டமியற்றி அவற்றை மூடத் தொடங்கியது. 1873 இல் வியன்னா நகரக் கண்காட்சியில் இத்தாலியர் ஒருவர் வைத்திருந்த எரியுலை மாதிரியைக் கண்ட சத்திர வைத்தியர் சேர் ஹென்றி தொம்சன், மறு ஆண்டே தகனச் சங்கம் ஒன்றை நிறுவினார். வோக்கிங் என்னும் ஊரிற் காணி வாங்கி உலையும் கட்டினர். 1879 மார்ச்சில் அதில் முதன்முதலாக எரிக்கப்பட்டது ஒரு குதிரையின் உடல்! மனிதரை எரிக்க ஊரார் விடவில்லை. உள்நாட்டு மந்திரியும் தடுத்தார். உலை ஆறாண்டு காலம் குளிர்ந்து கிடந்தது.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் தொம்சனைப் போன்ற கனவான் அல்லர். வேல்ஸ் நாட்டு லான்றிசன்ற் என்னும் சிற்றூரில் வாழ்ந்த டாக்டர் வில்லியம் பிறைஸ் என்பவர் ஊராராற் பித்தர் என்று கருதப்பட்டவர். பண்டைய துறூயிட் குருமாரின் வழிவந்தவர் தாம் என்று சொல்லிக்கொள்வார். நரித்தோல் தொப்பி அணிவார். எண்பத்து மூன்று வயதில் அவருக்குப் பிறந்த ஆண்குழந்தை ஐந்து மாதத்தில் இறந்துபோயிற்று. 1884 ஜனவரி 13 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, குன்றின்மேல் ஒரு பீப்பாய் மண்ணெண்ணெயில் அக்குழந்தையின் உடலுக்குத் தீ மூட்டினார். தேவாலயத்திலிருந்து வெளிவந்த சனங்கள் சுவாலையைக் கண்டு திரண்டு ஓடினர். பாதி எரிந்த உடல் வெளியே இழுக்கப்பட்டது. கிழவரைப் பொலிசார் கைது செய்தனர்.

கார்டிப் நகரில் வழக்கை விசாரித்தவர் சேர் ஜேம்ஸ் ஸ்ரீபன். இவர் எமக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1869 முதல் 1872 வரை இந்தியாவில் வைசிராயின் சட்ட அங்கத்தவராக இருந்து இந்தியச் சாட்சிச் சட்டத்தை வரைந்தவர் அவரே. எமது 1895 ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டமும் அதைத் தழுவியதே. அவர் வழங்கிய தீர்ப்பின் சாரம் எளியது: பிரேதத்தை எரித்தல் பொதுமக்களுக்குத் தொல்லை விளைக்காவிடிற் சட்டத்தாற் குற்றமாகாது, மரண விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தோடு எரித்தாலோ அது குற்றம். புதியது, பலருக்கு அருவருப்பானது என்பது மட்டுங் கொண்டு ஒன்றைக் குற்றமாக்க அவர் உடன்படவில்லை. பிறைஸ் விடுதலையானார், மார்ச்சில் மகனைத் தகனஞ் செய்தார். மறு ஆண்டு வோக்கிங் உலையும் மூட்டப்பட்டது. அவ்வாண்டு அங்கு எரிக்கப்பட்டோர் மூவரே. இன்று பிரித்தானியாவில் இறப்போரில் நாலில் மூன்று பங்கினருக்கு மேல் எரிக்கப்படுகின்றனர். கத்தோலிக்க திருச்சபையும் 1963 இல் தகனத்துக்கு விதித்த தடையைத் தளர்த்தியது.

1902 இல் தகனச் சட்டம் வந்தது. நஞ்சூட்டிக் கொன்றவன் நெருப்பில் சான்றை அழித்துவிடலாகாது என்பதற்காக வைத்தியர் இருவரின் அத்தாட்சிகள் வேண்டப்பட்டன. வீடுகளுக்கு இருநூறு யார் தூரத்துள், குடியிருப்போரின் சம்மதமின்றித் தகனசாலை கட்டலாகாது. இவை நியாயமானவையே. ஆனால் அச்சட்டத்தில் தகனசாலை என்பதற்கு 'கட்டடம்' என்று பொருள் கூறப்பட்டிருந்தது. திறந்த வெளிச் சிதைக்கு இடமில்லை என்று அதிகாரிகள் அதைக் கொண்டனர். இத்தனைக்கும், முதலாம் உலக யுத்தத்தில் காயமுற்றுப் பிறைட்டன் நகர வைத்தியசாலைகளில் இறந்த இந்து, சீக்கியப் போர்வீரர் ஐம்பத்து மூவர் அயலிலுள்ள பாச்சம் மேட்டில் திறந்த வெளியிலேயே விறகடுக்கி எரிக்கப்பட்டனர். 1921 இல் அவ்விடத்தில் வெண்சலவைக்கல் மண்டபம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கு இறந்த முஸ்லிம் வீரரோ வோக்கிங் பள்ளிவாசலுக்கு அண்மையில் அடக்கம் பண்ணப்பட்டனர். போர்க்காலத்தில் அவரவர் முறையை அறிந்து நடந்த அரசு, அமைதிக் காலத்தில் அதை மறந்தது போலும்.

2006 இல் தவேந்தர் கய் என்னும் முதியவர், தம் உடல் சூரிய ஒளி படும் சிதையில் எரிய வேண்டுமென்று நியூகாசில் நகரசபையிடம் இடங் கேட்டார். சபை மறுத்தது. 2009 இல் உயர் நீதிமன்றமும் மறுத்தது. 2010 பெப்ரவரி 10 ஆந் திகதி மேன்முறையீட்டு மன்றம், கூரையிற் திறப்புள்ள அமைப்பும் கட்டடமே என்று அந்தச் சொல்லுக்குப் பரந்த பொருள் கொண்டு அவர் பக்கந் தீர்த்தது. ஒரு சொல்லின் பொருளுக்காக ஒருவர் நான்கு ஆண்டு வழக்காட வேண்டியிருந்தது.

எமது நாட்டில் 1899 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மயானங்கள், அடக்கங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் அந்த ஆங்கிலச் சட்டத்துக்கு மூன்றாண்டு மூத்தது. எமது சிதைகளை அது அணைக்கவில்லை. எனினும் வெள்ளையரின் சட்டத்தை மாத்திரம் குறை கூறி நாம் தப்பிவிட முடியாது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிற் சாதிக்கொரு சுடலை இருந்ததையும், 1940 களில் வில்லூன்றி மயானத்தில் ஒரு பிரேதத்தை எரிக்கச் சென்ற தாழ்த்தப்பட்ட மக்களுள் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதையும் எம் சங்கத்துப் பெரியோர் அறிவர். அங்கே குறுக்கே நின்றது அரசு அன்று, சைவரே.

இதுவரை நெருப்பை மறுத்தோரைக் கண்டோம். மண்ணை மறுத்த காலம் எம் கண்முன்னே நிகழ்ந்தது. 2020 ஏப்ரில் 11 ஆந் திகதி வர்த்தமானி மூலம், கொரோனா நோயால் இறந்தோர் அனைவரும் 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது நாற்பத்தைந்து நிமிடம் எரிக்கப்பட வேண்டுமென்று அரசு கட்டளையிட்டது. புதைப்பதும் ஏற்கத்தக்கதே என உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே, மார்ச்சில், அறிவித்திருந்தது. ஸ்ரீபன் கேட்ட கேள்வி, பிறருக்கு இதனால் தீங்கு உண்டா என்பது. இங்கே அதற்குச் சான்று காட்டப்படவில்லை. டிசம்பர் 1 இல் உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு எடாமலே பெரும்பான்மைத் தீர்ப்பால் தள்ளியது. அம்மாதத்தில், பிறந்து இருபதே நாளான முஸ்லிம் சிசு ஒன்றும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளைக் கனத்தை மயான வேலியில் சனங்கள் கபன் துணியை நினைவூட்டும் வெள்ளைத் துண்டுகளைக் கட்டினர். அவற்றைக் கட்டியோர் முஸ்லிம்கள் மட்டுமல்லர்.

சைவர் இதைப் பிறர் துயரமென்று கொள்ள இயலாது. நாமும் எல்லோரையும் எரிப்பதில்லையே! பால் மணம் மாறாத குழந்தையைப் புதைக்கிறோம். துறவிகளைச் சமாதி வைக்கிறோம். வீரசைவர் புதைப்பதே வழக்கம். அக்கட்டளை நீடித்திருந்தால் எம் மடத்துத் துறவியர்க்கும் அதே உலைதான்.

2021 பெப்ரவரி 25 ஆந் திகதி கட்டளை மாற்றப்பட்டது. ஆயின் அவரவர் ஊர் மையவாடிகள் திறக்கப்படவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் ஒதுக்கப்பட்ட ஓரிடத்துக்கே நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் பிரேதங்கள் கொண்டுவரப்பட்டன. மூவாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் அங்கு அடக்கஞ் செய்யப்பட்டனர். 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாயமாக எரித்ததற்காக மன்னிப்புக் கோரியது. ஓட்டமாவடியில் உறங்குவோரிற் பெரும்பாலார் முஸ்லிம்கள். அவர்களுக்கு அருகே பௌத்தரும் கிறிஸ்தவரும், எம்மவரான இந்துக்களும் உளர்.