நிலக்கரி போனபின் டைகர் பே

1801ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது வேல்ஸின் கார்டிஃபில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. நூறாண்டு கழிந்தபோது அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். எல்லாம் நிலக்கரி செய்த வேலை. மலைப் பள்ளத்தாக்குகளில் வெட்டிய கரியைக் கப்பலேற்ற, நிலக்கிழாரான இரண்டாம் பியூட் பிரபு தம் பணத்தைக் கொட்டிக் கப்பல்துறை அமைத்தார். 1839இல் அது திறக்கப்பட்டது. அதை ஒட்டி எழுந்த குடியிருப்புக்கும் அவர் பெயரே வந்தது: பியூட்டவுன். உலகத்து மாலுமிகளுக்கோ அது டைகர் பே. 1913இல் மட்டும் இந்தத் துறைமுகம் ஒரு கோடி டன்னுக்கும் மேல் கரியை ஏற்றி அனுப்பியது.

கரி போன வழியிலேயே ஆட்கள் வந்தார்கள். வேல்ஸ் கரியை எரித்து ஓடிய கப்பல்களில், உலைக்குக் கரி அள்ளிப்போடும் வேலைக்கு ஏடனில் சோமாலியரும் யேமனியரும் ஏறினார்கள். மேற்கிந்தியத் தீவினர், மேற்கு ஆப்பிரிக்கர், மால்டாக்காரர், நார்வேக்காரர், சீனர் என்று மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். அடுத்த கப்பல் கிடைக்கும்வரை தங்க, அந்தந்த நாட்டாரே நடத்திய விடுதிகள் இருந்தன. பலர் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே நிலைத்தார்கள். நாற்பது ஐம்பது நாட்டுப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இடம் இது என்று அந்தப் பகுதிக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

வெளியே இருந்தவர்களுக்கு டைகர் பே என்றால் கத்திக்குத்தும் சூதாட்டமும்தான். ஆனால் 1919 ஜூனில், போர் முடிந்து வேலையில்லாமல் திரும்பிய வெள்ளையர் கூட்டம்தான் கறுப்பின, அரபு மாலுமிகளின் வீடுகளைத் தாக்கியது. கார்டிஃபில் மூவர் இறந்தார்கள். 1925இல் வந்த அரசாணை, பிரிட்டிஷ் குடிமகன் என்று காகிதம் காட்ட முடியாத நிறத்தோல் மாலுமிகள் அந்நியராகக் காவல்துறையிடம் பதிய வேண்டும் என்றது. 1952இல் பியூட் தெருக் கடைக்காரப் பெண்மணி ஒருவரின் கொலைக்காக சோமாலிய மாலுமி மஹ்மூத் மத்தான் கார்டிஃப் சிறையில் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்பு தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 1998இல். காவல்துறை மன்னிப்புக் கேட்டது 2022இல்.

கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியதும் கரி வியாபாரம் சரிந்தது. 1964இல் கார்டிஃபிலிருந்து கரி ஏற்றுமதி நின்றே போனது. அந்தப் பத்தாண்டில்தான் நகர நிர்வாகம் பழைய வீடுகளையும் இடித்துத் தள்ளியது. வீடுகள் பழுதடைந்திருந்தன, நெரிசலும் இருந்தது; அதை மறுக்க முடியாது. ஆனால் பழுதுபார்ப்பதற்குப் பதிலாகத் தெருத்தெருவாக அழித்ததில் கடைகளும் விடுதிகளும் சேர்ந்தே போயின. குடும்பங்கள் நகரெங்கும் சிதறின. நடுநாயகமாக இருந்த லவுடன் சதுக்கத்தில் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. இதில் ஒரு வேடிக்கை: ஒரு கொலைக் கதையைச் சொல்ல எடுத்து 1959இல் வெளியான 'டைகர் பே' திரைப்படம், இடிபடுவதற்குச் சற்று முந்தைய கார்டிஃப் துறைமுகப் பகுதியின் ஆவணமாகிவிட்டது.

அடுத்த அலை 1987இல் வந்தது. கார்டிஃப் விரிகுடா மேம்பாட்டுக் கழகம் என்ற அரசு அமைப்பு, நகரத்தை அதன் நீர்முகப்போடு மறுபடி இணைப்பதாக அறிவித்தது. கழிமுகத்தின் குறுக்கே அணை கட்டி, அலையேற்ற இறக்கத்தில் தெரியும் சேற்றுத்திட்டுகளை மூழ்கடித்து, சுமார் 200 ஹெக்டேர் நன்னீர் ஏரியை உண்டாக்குவது திட்டம். சேற்றில் இரை தேடும் பறவைகளுக்காக ஒரு தரப்பும், நிலத்தடி நீர் உயர்ந்து வீட்டுக்குள் வருமோ என்று அஞ்சிய இன்னொரு தரப்பும் எதிர்த்தன. அணை 1999இல் முடிந்தது. கலையரங்கம், வேல்ஸ் நாடாளுமன்றக் கட்டடம், உணவகங்கள் எல்லாம் பின்னால் வந்தன.

இணைப்பு எப்படி நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நகர மையத்திலிருந்து ஏரிக்கரைக்கு லாயிட் ஜார்ஜ் அவென்யூ என்ற அகலமான சாலையைப் போட்டார்கள். அதற்கு இணையாக ஒரு ரயில்பாதை, ஓரமாக நீண்ட சுவர். அதற்கு அப்பால் பியூட் தெருவும் பியூட்டவுனும். வருகிறவர்கள் அந்த மக்களின் முகத்தில் விழிக்காமலேயே நீர்க்கரைக்குப் போய்த் திரும்பலாம்.

கட்டடங்களுக்குக் கிடைத்த பரிவே வேறு. 1868இல் நார்வே மாலுமிகளுக்காகக் கட்டிய மரத் தேவாலயத்தை 1987இல் பகுதி பகுதியாகப் பிரித்து, புதிய இடத்தில் மறுபடி பொருத்தி 1992இல் திறந்தார்கள். எழுத்தாளர் ரோல்ட் டால் ஞானஸ்நானம் பெற்ற கோயில் அது, காப்பாற்றியது சரிதான். 1886இல் எழுந்த நிலக்கரிப் பரிவர்த்தனை மாளிகை இப்போது விடுதி. இந்த மாளிகைக்குப் பணம் ஈட்டித் தந்த கரியள்ளிகளின் வீடுகளில் ஒன்றுக்காவது அப்படி ஒரு யோசனை வந்திருக்கலாம்.

அந்தக் குறையைப் பகுதி மக்களே தீர்த்துக்கொள்ள முயன்றார்கள். மேம்பாட்டுக் கழகம் தொடங்கிய அதே காலத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த பண்பாட்டு ஆய்வாளர் கிளென் ஜோர்டனும் உள்ளூர்க்காரர்களும் பியூட்டவுன் வரலாறு, கலை மையத்தை உருவாக்கி, வீட்டு ஆல்பங்களிலிருந்த படங்களையும் முதியவர்களின் குரல்களையும் திரட்டினார்கள். அங்கே வளர்ந்த நீல் சின்க்ளேர், 1993இல் 'த டைகர் பே ஸ்டோரி' எழுதினார். மையம் 2016இல் பணமுடையால் மூடப்பட்டது. கோடிக்கணக்கில் செலவழித்த ஒரு கரைக்கு இந்தச் சிறு நிறுவனம் பாரமாகத் தெரிந்தது வருத்தத்துக்குரியது. திரட்டியவற்றைத் தன்னார்வலர்கள் விடாமல் காத்தார்கள்.

பிறகு சிலைகள் வந்தன. வேல்ஸின் முதல் கறுப்பினத் தலைமையாசிரியை பெட்டி கேம்ப்பெல் பியூட்டவுனில் பிறந்து, அங்குள்ள மவுண்ட் ஸ்டூவர்ட் பள்ளியை நடத்தியவர். 2021இல் திறந்த அவர் சிலை நகர மையத்தில் நிற்கிறது. ரக்பி வீரர் பில்லி போஸ்டனும் டைகர் பே பிள்ளைதான். சொந்த ஊர் கிளப் அவரைக் கண்டுகொள்ளவில்லை. 1953இல் இங்கிலாந்தின் விகன் அணிக்குப் போய் நூற்றுக்கணக்கான ட்ரைகள் அடித்தார். பியூட்டவுன்காரர்கள் தொடங்கி வைத்த இயக்கத்தால் 2023இல் அவருக்கும் வேறு இரு வீரர்களுக்கும் விரிகுடாவில் சிலை வைத்தார்கள். 2025இல், 90 வயதில், அவருக்கு 'சர்' பட்டமும் வந்து சேர்ந்தது.