புழுங்கலரிசியும் குருதிநாளமும்

குருதிநாளங்கள் உயிரற்ற குழாய்கள் அல்ல. அவற்றின் சுவரிலுள்ள தசை, வேதிப்பொருள்களின் தூண்டலுக்கேற்பச் சுருங்கவும் தளரவும் வல்லது. உடலிலிருந்து பிரித்தெடுத்த நுரையீரல் நாளத்தின் சிறு வளையத்தை உப்புக் கரைசலில் வைத்து நோரட்ரினலின் சேர்த்தால், அது சுருங்கும் வலிமையை அளந்து காணலாம். இச்சுருக்கமும் தளர்ச்சியும் சமன்குலைந்தால் விளையும் கேட்டினை நெகிரி செம்பிலான் மண் நன்கறியும். அதன் பெயர் பெரிபெரி.

தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தால், உயிரணுக்கள் மாவுப்பொருளிலிருந்து ஆற்றலை முழுமையாகப் பெற இயலா. உடலின் சிறு நாளங்கள் தளர்ந்து விரியும், இதயம் அளவிறந்து உழைத்துச் சோரும், கால்கள் வீங்கும், நுரையீரலில் நீர் தேங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய் சீனச் சுரங்கத் தொழிலாளரைப் பெரிதும் வாட்டியது. தோட்டத் தமிழரோ பெரும்பாலும் தப்பினர். இவ்வேறுபாட்டை நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவர் பிராடன் உற்றுநோக்கினார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. மலாய்க்காரர் உண்டது அவ்வப்போது தாமே குற்றிய அரிசி. 1907-இல் இதனை அவர் நூலாக்கினார். பழகிய பச்சரிசியில் நஞ்சு உண்டாகிறது என்பது அவர் கொள்கை. கொள்கை பிழைத்தது, நோக்கு பிழைக்கவில்லை.

பின்னர் ஜெலுபு வட்டாரத்து டுரியான் திப்புஸில், சாலை அமைக்க வந்த 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, பிரேசரும் ஸ்டாண்டனும் ஆய்ந்தனர். வெள்ளரிசி உண்டோரிடம் நோய் தோன்றியது. புழுங்கலரிசி உண்டோரிடம் தோன்றவில்லை. முடிவு 1909-இல் வெளிவந்தது. குறையாக இருந்தது தவிட்டிலுள்ள காப்புப் பொருளே என்பது தெளிந்தது. 1926-இல் பத்தாவியாவில் அப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் தயமின் தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே சென்று தங்குகிறது. பின்னர்த் தீட்டினாலும் முற்றும் நீங்குவதில்லை. ஆங்கில மருத்துவ ஏடுகள் இதனைப் 'பதப்படுத்திய அரிசி' என்னும் பொருள்படக் குறித்தன. என்ன பதம் என்பது அச்சொல்லில் இல்லை. 'புழுங்கு' என்னும் நம் வினையோ வெப்பமும் ஈரமும் சேர்ந்த செயலையே சுட்டுகிறது. புழுக்கம், புழுக்கல் என்பனவும் அதன் கிளைகளே.

எனினும், நம் முன்னோர் தயமினை அறிந்திருந்தனர் எனக் கூறுதல் வரலாறாகாது. அவர்களிடம் இருந்தது வழக்கம். காரணத்தைக் காட்டியது ஆய்வு. அவ்வாய்வுக்குத் தம் உடலைத் தந்தோர் பெயரறியாத் தொழிலாளர். மாணவர்க்கு இவ்வரலாற்றைக் கற்பிக்கும்போது மருத்துவர் பெயர்களோடு அவர்களையும் நினைவூட்டுதல் ஆசிரியர் கடனாகும்.