கரணமும் அனுமதிச் சீட்டும்: தென்னாப்பிரிக்கத் தமிழ் மகளிரின் மணவுரிமைப் போர்

பெண்ணைத் தருவதற்கு உரிமையுடையவர் தர, பெறுவதற்கு உரிமையுடையவன் பெறும் மணத்தையே தொல்காப்பியத்தின் கற்பியல் முதலில் வைத்துப் பேசுகிறது. உலகில் பொய்யும் பிழையும் தலைகாட்டிய பிறகே சான்றோர் கரணத்தை வகுத்தனர் என்று அவ்வியலே அதற்குக் காரணமும் காட்டுகிறது. அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாட்டுகளில் காணும் திருமணங்களில் தீவலம் இல்லை, மறையோதுவார் இல்லை, உற்றார் கூடுகின்றனர், முதுபெண்டிர் வாழ்த்துகின்றனர், அவ்வளவே. சிலப்பதிகாரத்திலோ கண்ணகியின் மணச்செய்தி யானைமேல் ஏற்றிய மகளிர் வாயிலாகப் புகார் நகரெங்கும் அறிவிக்கப்படுகிறது. சடங்கு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மாறாதிருந்தது ஒன்று: மணத்துக்குச் சான்று ஊர்.

கோமுகியாற்றங்கரையிலுள்ள கள்ளக்குறிச்சி வட்டாரத்துச் சிற்றூர்களிலும் நெடுங்காலம் இதுவே வழக்கு. மேற்கே கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே பரியம் கொடுத்து, ஊர்க்கவுண்டரும் முதியோரும் கூடியிருக்க நடப்பதே திருமணம். அம்மலை 1976இல் அரசின் நேரடி ஆளுகைக்கு வரும்வரை மூன்று சாகீர்தார்களின் கீழ் இருந்தது. அங்கே ஒருத்தி ஒருவனுக்கு மனைவி என்பதை எவரும் எழுதிவைத்ததில்லை. கேட்பவர் இல்லாத இடத்தில் எழுத்துக்கு என்ன வேலை?

கேட்பவர் கடலுக்கு அப்பால் இருந்தனர்.

1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்ற இந்தியர் ஏறத்தாழ 1,52,000 பேர். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். கள்ளக்குறிச்சியைத் தன் வட்டங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டமும் ஆள் கொடுத்த மாவட்டங்களுள் ஒன்று. கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஐந்தாண்டு ஒப்பந்தம். நூறு ஆண்களுக்கு ஏறத்தாழ நாற்பது பெண்கள் என்பது கணக்கு. கணவனோடு போனவர்கள், கைம்பெண்கள், ஊரைவிட்டு ஓடியவர்கள், சென்னை டிப்போவில் காத்திருந்த நாள்களில் துணை தேடிக்கொண்டவர்கள் என அப்பெண்கள் பல திறத்தினர்.

இவர்களைப் பற்றிய கப்பற்பதிவேடுகள் வியப்பூட்டும் ஆவணங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, சிற்றூர், வட்டம், மாவட்டம், உயரம், உடலிலுள்ள தழும்பு. ஆட்டுமந்தைக்குக் குறியிடுவது போன்ற பதிவுதான். ஆயினும் பெண்ணின் சொந்தப் பெயரும் ஊரும் அதில் இருந்தன. இதை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும், பின்னர் தேவைப்படும்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பாமல் தங்கிவிடுவது வெள்ளையருக்கு உறுத்தியது. 1895ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித் தங்கியவர்மேல் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதித்தது; பெண்களும் பருவமெய்திய பிள்ளைகளும் அதற்குத் தப்பவில்லை. 1897ஆம் ஆண்டுக் குடிவரவுத் தடைச் சட்டம், ஐரோப்பிய மொழியொன்றில் எழுதத் தெரியாதவன் புதிதாகக் கரையிறங்கக் கூடாது என்றது. அங்கே குடியுரிமை பெற்றவனின் மனைவிக்கும் சிறு குழந்தைகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஆக, தாய்நாட்டிலிருந்து ஒரு பெண் அந்நாட்டுக்குள் நுழைய 'மனைவி' என்னும் ஒரு சொல்லே வாயிலாயிற்று. அச்சொல்லுக்குப் பொருள் கூறும் அதிகாரம் துறைமுகத்து அலுவலரிடம் இருந்தது.

1913 மார்ச் 14இல் அது நீதிமன்றத்துக்குப் போயிற்று. தென்னாப்பிரிக்காவில் குடியிருந்த அசன் ஈசப் என்பவர் இந்தியாவில் இசுலாமிய முறைப்படி பாய் மரியம் என்னும் பெண்ணை மணந்திருந்தார். அவ்வம்மையாரை நாட்டுக்குள் விட அலுவலர் மறுத்தனர். கேப் மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி மால்கம் சர்ல், அம்மறுப்புச் செல்லும் எனத் தீர்ப்பளித்தார். ஒருவன் ஒருத்தியையே மணந்திருந்தாலும், பலதார மணத்துக்கு இடந்தரும் சமயத்தின் சடங்குப்படி நடந்த மணம் சட்டத்தின் கண்ணில் மணமன்று என்பது அதன் சாரம். ஒரு குடும்பத்தைப் பற்றிய தீர்ப்பு ஒரு சமுதாயத்தின்மேல் விழுந்தது. தாலி கட்டிய பெண்ணும் நிக்காகு செய்த பெண்ணும் ஒரே நாளில் மனைவி என்னும் நிலையை இழந்தனர். அவர்கள் பெற்ற பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. அதே ஆண்டில் வந்த குடிவரவுச் சட்டம், வெளிநாட்டில் நடந்த ஒருதார மணத்தை ஏற்பதாகக் கடைசி நேரத் திருத்தம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தென்னாப்பிரிக்காவிலேயே இந்திய முறைப்படி நடந்த மணங்களை அது அந்தரத்தில் விட்டது.

இங்கே ஒரு சிறு விலகல் தேவைப்படுகிறது. வெள்ளைக்கார நீதிபதியை மட்டும் குறைகூறிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. புரோகிதரும் தீவலமும் இன்றித் தமிழ்நாட்டில் நடந்த சுயமரியாதைத் திருமணங்களைச் சென்னை உயர் நீதிமன்றமே 1950களில் சட்டப்படி செல்லாதவை என்றது. அறிஞர் அண்ணா முதலமைச்சரான பிறகு 1967இல் வந்த திருத்தச் சட்டந்தான் முன்னர் நடந்த அம்மணங்களையும் சேர்த்துச் செல்லத்தக்கவை ஆக்கியது. சங்கப் பாட்டில் தீவலம் இல்லை என்பது அந்த வழக்குமன்றத்தில் எடுபடவில்லை.

தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்புவோம். சர்ல் தீர்ப்புக்குப் பிறகுதான் காந்தியடிகள் பெண்களைச் சத்தியாக்கிரகத்தில் இறங்க அழைத்தார். டிரான்சுவால் பகுதியிலிருந்து முதலில் புறப்பட்டவர்கள் பதினொரு பெண்கள். பவானி தயாளின் மனைவி ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் தமிழ்ப் பெண்கள் என அவரே எழுதியுள்ளார். சிலர் கைக்குழந்தையோடு வந்தனர். அனுமதிச் சீட்டின்றி எல்லை கடந்தனர். காவலர் கைது செய்யவில்லை. உரிமம் இன்றித் தெருவில் கூவி விற்றனர், அப்போதும் பிடிக்கவில்லை. இதே நேரத்தில், 1913 செப்டம்பரில், பீனிக்சு குடியிருப்பிலிருந்து கிளம்பிய கசுதூரிபாய் முதலியோர் எல்லையில் கைதாகி மூன்று மாதக் கடுங்காவல் பெற்றனர். தமிழ்ப் பெண்கள் அக்டோபரில் நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போயினர். மூன்று பவுன் வரியைப் பற்றித் தமிழில் பேசினர். சுரங்கங்களில் வேலை நின்றது. அதன் பின்னரே அரசு விழித்துக்கொண்டு அவர்களைப் பிடித்து மாரிட்சுபர்க்குச் சிறைக்கு அனுப்பியது. நவம்பர் 6ஆம் நாள் தொடங்கிய புகழ்பெற்ற நடைப்பயணத்தில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் சென்றனர். அப்பயணத்துக்கான நெருப்பை மூட்டியவர்கள் நியூகாசிலுக்குப் போன அப்பெண்களே. தலைவர்களின் வரலாற்றை எழுதுவோர் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர்.

அவர்கள் பெயர்கள் எவை? நூல்கள் தரும் பட்டியல் இது: திருமதி தம்பி நாயுடு, திருமதி என். பிள்ளை, திருமதி கே. முருகேச பிள்ளை, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி பி. கே. நாயுடு, திருமதி சின்னசாமி பிள்ளை, திருமதி முதலிங்கம். தம்பி நாயுடுவின் துணைவியார் பெயர் வீரம்மாள் என்பது தெரிகிறது. மற்றவர் பலரும் கணவரின் பெயருக்குள் மறைந்துபோயினர். மனைவி என்னும் சொல்லை மீட்கச் சிறை சென்றவர்களுக்கு வரலாறு அச்சொல்லை மட்டுமே மிச்சம் வைத்தது. கூலிப் பதிவேடு எழுதிய வெள்ளை எழுத்தன்கூடப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதினான். விடுதலைப் போரின் நூல்கள் கேட்கவில்லை.

சொந்தப் பெயரோடு நிலைத்தவள் மணமாகாத ஒருத்தி. சோகன்னசுபர்க்கில் பிறந்த வள்ளியம்மை, முனுசாமி முதலியாரின் மகள். தரங்கம்பாடியை அடுத்த தில்லையாடியை வேராகக் கொண்ட குடும்பம். சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22இல் உயிர்நீத்தபோது அகவை பதினாறு. அவள் சிறை சென்றதற்கு மூன்று பவுன் வரியும் காரணந்தான். எனினும் பிறர் மணங்கள் செல்லுபடியாக வேண்டிப் போராடியவர்களுள் உயிர்கொடுத்தவள் மணவறை காணாத பெண் என்பதைக் கவிஞர்கள் இதுவரை போதிய அளவு பாடவில்லை என்றே தோன்றுகிறது. காந்தியடிகள் 1915இல் தில்லையாடிக்கு வந்தார்.

1914ஆம் ஆண்டு இந்தியர் இடர்நீக்கச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது. ஒருத்தியோடு வாழ்ந்துவந்த மணங்களைப் பதிவு செய்துகொள்ள இடந்தந்தது. இந்தியச் சமயக் குருமாரை மணப்பதிவு அலுவலராக அமர்த்த வழி செய்தது. ஒருவனுக்கு ஒரு மனைவி, அவள் பெற்ற சிறு குழந்தைகள் என்ற அளவில் நுழைவுரிமை அளித்தது. வெற்றிதான், அளந்து கொடுக்கப்பட்ட வெற்றி. முன்னரே இரு மனைவியரோடு வாழ்ந்தவனின் இரண்டாம் மனைவி என்ன ஆனாள் என்பதை வெற்றிவிழா உரைகள் பேசுவதில்லை.

நடைமுறை எவ்வாறு இருந்தது என்பதை 1918ஆம் ஆண்டுப் பேரரசு மாநாட்டுத் தீர்மானமும், அதனை வழிமொழிந்த 1927ஆம் ஆண்டுக் கேப்டவுன் உடன்பாடும் காட்டுகின்றன. வெளிநாட்டில் நிலையாகக் குடியிருக்கும் ஓர் இந்தியனுக்கு ஒரு மனைவி மட்டுமே வரலாம். அவள் முறைப்படியான மனைவியே என்று இந்திய அரசு சான்று தரவேண்டும். இந்திய அரசுக்கு எப்படித் தெரியும்? தென்னார்க்காட்டுச் சிற்றூர் ஒன்றில் நடந்த திருமணத்தைத் தில்லியோ சென்னையோ கண்டதில்லை. ஊராரைக் கேட்டாலன்றி அச்சான்று எழுத வழியில்லை. முத்திரை அரசினுடையது, சொல் ஊரினுடையது.

அந்த வாயிலும் 1953இல் மூடப்பட்டது. நிறவெறி அரசு அவ்வாண்டு கொண்டுவந்த குடிவரவுத் திருத்தச் சட்டம், இந்தியாவில் மணந்த மனைவியை அழைத்துக்கொள்ளும் உரிமையைத் தென்னாப்பிரிக்க இந்தியரிடமிருந்து பறித்தது. 'ஐரோப்பியரல்லாதார்' என்னும் பலகை தொங்கிய நாடு அது. வீரம்மாளும் வள்ளியம்மையும் பெற்றுத்தந்த உரிமை நாற்பதாண்டுகூட நிற்கவில்லை.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி கள்ளக்குறிச்சிக்குத் தொலைவில்லை. 1956இல் கையெழுத்தாகி 1962 ஆகசுடு 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரவேண்டியிருந்தது. கணவனின் தெரிவு மனைவியின் குடியுரிமையைப் பாதிக்காது என்று அவ்வொப்பந்தம் தெளிவாகச் சொன்னது. பெண்ணைத் தனியாளாக மதித்த அரிய விதி. அதனால் ஒரே வீட்டில் கணவன் பிரெஞ்சுக் குடிமகனாகவும் மனைவி இந்தியக் குடிமகளாகவும் இருக்கும் நிலைக்கு இடமுண்டாயிற்று. அதன்பின் இக்கரையில் பெண்ணெடுத்த பிரெஞ்சுக் குடிமகன் தன் திருமணத்தைப் புதுச்சேரித் தூதரகத்தில் பதிந்த பிறகே மனைவிக்கு விசா கேட்க முடியும்.

ஐரோப்பாவிலும் வழக்குகள் எழுந்தன. சுரிந்தர் சிங் என்னும் இந்தியர் பிரித்தானியக் குடிமகளை 1982இல் மணந்து, அவரோடு செருமனியில் வேலைபார்த்துத் திரும்பினார். வேற்று உறுப்பு நாட்டில் உழைத்துத் தாயகம் மீளும் குடிமகளுடைய துணைவர் ஐரோப்பியரல்லர் ஆயினும் உடன்வரும் உரிமையுடையவர் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. அதன் பயனாகப் பலர் பிரித்தானியத் தூதரகங்களில் 'குடும்ப அனுமதி' கேட்டு விண்ணப்பித்தனர். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியபின் 2021இல் அப்பழைய அனுமதி முறை முடிவுற்றது.

இதற்கிடையில் கூலிக் கப்பற்பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்கத் தமிழரின் பேரரும் கொள்ளுப்பேரரும் ஆங்கில எழுத்தில் சிதைந்த ஊர்ப்பெயர்களை அவற்றில் தேடுகின்றனர். பாட்டியின் எண்ணும் ஊரும் உள்ள பதிவின் படி, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமை அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது பூர்வீகச் சான்றாகப் பயன்படுகிறது. அவ்வாறு அட்டை பெறும் கொள்ளுப்பேத்தி, இந்திய வழியினரல்லாத தன் கணவருக்கும் அட்டை கேட்டால், திருமணம் பதிவாகியிருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து இரண்டாண்டு நிலைத்திருக்கவும் வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு இந்தியத் திருத்தச் சட்டம்.