இடம் பெயர்ந்த ஆடுகளம்

கோலாலம்பூருக்கு மாணவர்களைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர் எவரும் சுதந்திரச் சதுக்கத்தில் சற்று நேரம் நிற்காமல் திரும்புவதில்லை. ஒருபுறம் 1897ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். நடுவே பரந்த புல்வெளி. வானளாவ நிற்கும் கொடிக்கம்பம். மறுபுறம் வெண்சுவர்களும் கரிய மரச்சட்டங்களும் கொண்ட நீண்ட மனை ஒன்று உண்டு. அது யாருடையது, அங்கே ஏன் நிற்கின்றது என்று கேட்கும் மாணவர் மிகச் சிலரே. அம்மனை சிலாங்கூர் கழகத்தின் இல்லம். இன்று சதுக்கமாக விளங்கும் புல்வெளியோ ஒரு நூற்றாண்டுக் காலம் அக்கழகத்தின் கிரிக்கெட் திடலாக இருந்தது.

சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகர் 1880ஆம் ஆண்டில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1884இல், ஆங்கில அதிகாரிகளும் ஊர்ப் பெருமக்களும் கூடி இக்கழகத்தை நிறுவினர். அதன் முதல் இல்லம் பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையும் கொண்ட எளிய குடிலே. காவற்படையினர் அணிவகுத்துப் பயின்ற நிலமே ஆடுகளமாகப் பண்படுத்தப்பட்டது. 1890ஆம் ஆண்டில் ஏ.சி. நார்மன் வரைந்த திட்டப்படி ஈரடுக்கு மனை எழுந்தது.

இக்கழகத்தின் வரலாற்றில் நம்மவர்க்கும் இடமுண்டு. தொடக்ககால உறுப்பினருள் ஒருவர் பத்துமலைக் கோயிலோடு பெயர் இணைந்த கா. தம்புசாமிப் பிள்ளை. எனினும், பெருந்தொகையான ஆசியர்க்கு அம்மனையின் கதவு எளிதில் திறந்ததில்லை. இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாகப் பணிபுரிந்த ஈழத்தமிழர், ‘தமிழியன் பிசிகல் கல்ச்சரல் அசோசியேஷன்’ என்னும் தங்களுக்கான விளையாட்டுச் சங்கத்தை அமைத்துக்கொண்டனர். மாலையில் அலுவலகம் விட்டபின் மட்டையும் பந்தும் எடுத்து ஆடிய அத்தலைமுறையே நம் நாட்டுக் கிரிக்கெட்டின் வேர்களுள் ஒன்று.

திடல் கண்ட காலங்களுள் பெருமைக்குரியது 1927ஆம் ஆண்டு. அவ்வாண்டு மலாயாவுக்கு வருகை தந்த ஆஸ்திரேலிய அணியில் உட்ஃபுல், மெக்கார்ட்னி, ஓல்ட்ஃபீல்ட் போன்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் இடம்பெற்றிருந்தனர். அவ்வணியை அகில மலாயா அணி கோலாலம்பூரில் 39 ஓட்டங்களில் வென்றது.

1909இல் கோலாலம்பூரிலேயே பிறந்தவர் லால் சிங். இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932ஆம் ஆண்டு ஜூன் திங்களில் லண்டன் லார்ட்ஸ் திடலில் ஆடியபொழுது, அப்பதினொருவருள் இந்த மலாயா மைந்தரும் ஒருவர். ஆங்கிலேயரின் முன்னணி ஆட்டக்காரரான வூலியை ஓட்டத்தில் வெளியேற்றிய கை அவருடையது. பிற்காலத்தில் ஊர் திரும்பிய அவர், சிலாங்கூர் கழகத்தின் ஆடுகளத்தைப் பேணும் பணியை மேற்கொண்டார். உலக அரங்கில் ஆடியவர் உள்ளூர்ப் புல்லுக்கு நீர் வார்த்தார் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கின்றது. 1985இல் அவர் மறைந்தார்.

1957 ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் இத்திடலில்தான் ஆங்கிலக்கொடி இறங்கி மலாயாக்கொடி ஏறியது. அந்த ஒரு நிமிடத்தில் ஆட்டக்காரரின் திடல் ஒரு நாட்டு மக்களின் திடலாயிற்று. 1970இல் கழக மனை தீக்கிரையாகி மீண்டும் எழுந்தது. 1984இல் நூற்றாண்டையொட்டி ‘அரச’ என்னும் அடைமொழியையும் பெற்றது. மூன்றே ஆண்டுகளில், 1987இல், திடல் மாநகராட்சியின் கைக்குச் சென்றது. மாற்றாகப் புக்கிட் கியாராவில் கழகத்திற்கு நிலம் கிடைத்தது. 1990 ஜனவரி முதல் நாள் தொட்டுத் திடல் சுதந்திரச் சதுக்கம் எனப் பெயர் பெற்றது. மனை பழைய இடத்திலேயே நிற்க, ஆட்டம் மட்டும் குன்றுப்புறம் குடிபெயர்ந்தது.

இதனை அநீதி என்று கூற என் மனம் ஒப்பவில்லை. சிலர் ஆடிய நிலம் பலர் கூடும் நிலமாவது விடுதலை பெற்ற நாட்டிற்கு இயல்பே. ஆயினும், இழப்பு இழப்பே. கட்டடத்தை ஓரிரு ஆண்டுகளில் வேறிடத்தில் எழுப்பிவிடலாம். ஆடுகளம் அவ்வாறன்று. களிமண்ணைப் பரப்பி, புல்லை வளர்த்து, நீர் பாய்ச்சி, உருளையால் மீண்டும் மீண்டும் அழுத்திப் பல பருவங்கள் காத்திருந்தால்தான் பந்து சீராக எழும். அந்தப் பொறுமையைப் பெயர்த்தெடுத்துச் செல்ல எந்த வண்டியாலும் இயலாது.

இதே பாடத்தை அண்மைக்காலம் மீண்டும் நமக்குக் கற்பித்தது. பூச்சோங் கின்ராரா திடல் நம் நாட்டுக் கிரிக்கெட்டின் தலைமையிடமாகத் திகழ்ந்தது. 2006இல் சச்சின் டெண்டுல்கர் அங்கே ஆட்டமிழக்காமல் 141 ஓட்டங்கள் எடுத்தார். 2008இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் விராட் கோலி தலைமையிலான இந்திய அணி தென்னாப்பிரிக்காவை அங்கேதான் வென்றது. ஆயின், நிலமோ தனியார் வீடமைப்பு நிறுவனத்திற்குரியது. 2022இல் கிரிக்கெட் சங்கம் அத்திடலை விட்டு வெளியேற நேர்ந்தது. சிலாங்கூர் கழகத்தின் நிலம் நாட்டிற்குச் சென்றது. கின்ராராவோ சந்தையின் கணக்கிற்கு இரையாயிற்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை நாம் மறத்தலாகாது.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் என்ற முறையில் இச்செய்தி என்னை மிகுதியும் சிந்திக்க வைக்கின்றது. தோட்ட நிலத்தில் எழுந்த நம் பள்ளிகள் பல, தோட்டம் கைமாறியபொழுது இடம் பெயர்ந்தன. பெயர்ப்பலகை புதிய ஊருக்குச் சென்றது. பந்தடித்த திடலும் நிழல் தந்த மரங்களும் பழைய ஊரிலேயே நின்றுவிட்டன. நிலப்பட்டா நம் பெயரில் இல்லாத வரையில், நாம் வளர்க்கும் புல் பிறர் முற்றத்துப் புல்லே. ஒன்றை நிறுவுவோர் முதலில் காக்க வேண்டியது அது நிற்கும் மண்ணை.

ஆனால், ஆட்டம் அழிந்துவிடவில்லை. கிள்ளானின் பாயு எமாஸ் திடலில் 2023இல் நம் நாட்டு வீரர் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கெதிராக எட்டே ஓட்டங்கள் கொடுத்து ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆடவர் அனைத்துலக இருபது ஓவர் ஆட்டங்களில் அதற்கு முன் எவரும் ஏழு விக்கெட்டுகள் எடுத்ததில்லை. 2025இல் பத்தொன்பது வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணத்தின் இறுதியாட்டமும் அங்கேயே நடந்தது. கின்ராராவில் மோதிய அதே இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் மீண்டும் எதிரெதிரே நின்றன. மீண்டும் இந்தியாவே வென்றது.

அடுத்த முறை மாணவர்களோடு சதுக்கத்தில் நிற்கும்பொழுது, கொடிக்கம்பத்தைக் காட்டியபின் அப்புல்வெளியையும் காட்டுவோம். நாட்டுக்கொடி ஏறிய இடம் என்று சொல்வதோடு, லால் சிங்கின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். இடம் பெயர்ந்தவர்க்கு எஞ்சும் உடைமை நினைவு ஒன்றே. அதனை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைப்பது ஆசிரியர் கடமை.