கலாய்க்கப் போட்ட பாட்டு காதிலேயே தங்கிவிடுவது ஏன்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆபீஸ் டீம் அவுட்டிங்குக்கு வேன் கிளம்பியாச்சு. யாரோ ஒருவர் ப்ளூடூத் ஸ்பீக்கரில் 'துனக் துனக் துன்' போடுகிறார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஒருவர் எழுந்து கையைத் தூக்கி தலேர் மெஹந்தி மாதிரி ஆடிக் காட்டுகிறார். மூன்றாவது முறை அதே பாட்டு ஓடும்போது சிரிப்புச் சத்தம் குறைந்து, வேனே சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை காலை ஹெட்போனை மாட்டி, பக்கத்து சீட்காரருக்குத் தெரியாமல் நீங்களே அதைத் தேடிப் போடுகிறீர்கள்.

'சும்மா ஜாலிக்குத்தான் கேட்கிறேன்' என்று ஆரம்பித்து, 'உண்மையிலேயே பிடிச்சிருக்கு' என்று ஒப்புக்கொள்ள வைத்த பாட்டு நம்மில் பலரிடம் ஒன்றாவது இருக்கும். இது ஏன் நடக்கிறது? எந்தப் பாட்டுக்கு நடக்கிறது? நாம் சிரித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பாட்டைப் பாடியவருக்கு என்ன ஆனது?

ரிக் ஆஸ்ட்லி: இணையத்தின் நிரந்தர ஜோக்

இந்த வகைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம் 'நெவர் கானா கிவ் யூ அப்'. 1987இல் வெளியானபோது அது ஜோக் இல்லை, பெரிய ஹிட். பிரிட்டனில் 5 வாரம் முதலிடம், அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் முதலிடம். பாடிய ரிக் ஆஸ்ட்லிக்கு அப்போது 21 வயது. லண்டன் ஸ்டூடியோவில் மற்றவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த பையன் அவர். முகம் பள்ளி மாணவன் மாதிரி, குரலோ நடுவயதுக்காரரின் கனத்த குரல்.

1990களின் தொடக்கத்திலேயே அவர் இசைத்துறையை விட்டு ஒதுங்கிவிட்டார். 2007இல் இணையத்தில் ஒரு விளையாட்டு தொடங்கியது. 'முக்கியமான வீடியோ, பாருங்க' என்று லிங்க் அனுப்புவார்கள். கிளிக் செய்தால் கோட் போட்ட ஆஸ்ட்லி ஆடிக்கொண்டிருப்பார். இதற்கு 'ரிக்ரோல்' என்று பெயர். 2008 ஏப்ரல் 1 அன்று யூடியூபே தன் முகப்பில் இருந்த வீடியோக்களை இந்தப் பாட்டுக்குத் திருப்பிவிட்டது.

ஏமாற்றுவதற்காகப் போட்ட பாட்டை, ஏமாந்தவர்கள் முழுசாகக் கேட்க ஆரம்பித்தார்கள். 2016இல் ஆஸ்ட்லி வெளியிட்ட '50' என்ற ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 2021இல் பழைய பாட்டின் வீடியோ யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தாண்டியது. 2023இல் கிளாஸ்டன்பரி இசைவிழாவின் பிரதான மேடையில் அவர் பாடினார். அந்தப் பாட்டு முதலில் ஹிட்டானபோது பிறந்தே இருக்காத பலர் அங்கே கூடப் பாடினார்கள்.

நம்ம ஊர் உதாரணங்கள்

'துனக் துனக் துன்' 1998இல் வந்தது. அதன் வீடியோ பார்க்க ஜோக் மாதிரி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தலேர் மெஹந்தியின் பாட்டுகள் ஓடுவதே வீடியோவில் வரும் அழகான பெண்களால்தான் என்று அப்போது விமர்சனம் இருந்தது. 'சரி, இந்த வீடியோவில் நான் மட்டும்தான்' என்று அவர் முடிவெடுத்தார். கணினி கிராபிக்ஸை வைத்து எடுத்த அந்த வீடியோவில் நான்கு தலேர் மெஹந்திகள் ஆடுவார்கள்.

அந்த கிராபிக்ஸைப் பார்த்து மொழி தெரியாத வெளிநாட்டவர்கள் சிரித்தார்கள், ஃபார்வர்டு செய்தார்கள். ஆனால் பாட்டின் உள்ளே இருப்பது சரியான பாங்ரா. தலைப்பில் உள்ள 'துனக் துனக்' என்பது தும்பி என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தின் ஒலி. 2007இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வீடியோ கேமில் வந்த ஒரு புதிய இனத்துக்கு இந்த நடனத்தையே வைத்தார்கள். சிரிப்பதற்காகப் பரவியது, கேம் ஆடும் ஒரு தலைமுறைக்கே பழக்கமான அசைவாகிவிட்டது.

அடுத்தது, நமக்கு நன்றாகத் தெரிந்த 'ஒய் திஸ் கொலவெறி டி'. 2011 நவம்பர் 16 அன்று யூடியூபில் அதிகாரபூர்வமாக வந்தது. இசையமைத்த அனிருத்துக்கு அப்போது 21 வயது. '3' தான் அவருடைய முதல் படம். இங்கே கதை கொஞ்சம் வேறு. ஆஸ்ட்லி சீரியஸாகப் பாடினார், உலகம் ஜோக்காக்கியது. தனுஷ் ஜோக்காகவே பாடினார், உலகம் சீரியஸாக எடுத்துக்கொண்டது.

உடைந்த இங்கிலீஷை மறைக்காமல், அதையே பாட்டாக்கியதுதான் அதன் விளையாட்டு. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதை வெளிப்படையாகவே விமர்சித்தார். ஆனால் தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்கள் டெல்லியிலும் மும்பையிலும் அதைப் பாடினார்கள். படம் தியேட்டருக்கு வந்தது அடுத்த ஆண்டு மார்ச் 30 அன்று. அதற்குள் பாட்டு தனியாக ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்திருந்தது. இன்றைக்கு யாராவது அதை ப்ளே செய்தால், முதலில் வருவது 'அந்தக் காலேஜ் நாள்' என்ற நினைப்புதான். சிரிப்பு அதற்கு அப்புறம்தான்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

முதல் காரணம், திரும்பத் திரும்பக் கேட்பது. ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார். அர்த்தமில்லாத சொற்கள், சீன எழுத்துகள் போன்ற குறிகள், முன்பின் தெரியாதவர்களின் புகைப்படங்கள் ஆகியவற்றை மக்களிடம் காட்டினார். சிலவற்றைக் குறைவான முறை, சிலவற்றை அதிக முறை. அடிக்கடி பார்த்தவையே அதிகம் பிடித்திருந்தன. பழகியது பிடிக்கும், அதற்கு வேறு காரணமே தேவையில்லை.

இசையில் இது இன்னும் வலுவாக வேலை செய்கிறது. டயானா டாய்ச் என்ற ஆய்வாளர் 1995இல் தற்செயலாக ஒன்றைக் கவனித்தார். பேச்சில் ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டால், கொஞ்ச நேரத்தில் அது பேச்சாகக் கேட்பதில்லை, பாட்டாகக் கேட்கிறது. ஒலியில் எந்த மாற்றமும் செய்யவில்லை. மாறியது கேட்பவரின் காது மட்டும்தான்.

எலிசபெத் மார்குலிஸ் என்ற இசை ஆய்வாளர் இன்னொரு சோதனை செய்தார். கேட்கக் கடினமான நவீன இசைத் துண்டுகளை எடுத்து, கணினியில் சில பகுதிகள் மறுபடி வருமாறு வெட்டி ஒட்டினார். மேதைகள் எழுதிய அசலைவிட, இப்படி ஒட்டுப்போட்டதே கேட்டவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. முதல் தடவையே கடுமையாக வெறுத்த ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பிடிக்காது, வெறுப்புதான் கூடும். ஜோக் உதவுவது இங்கேதான். 'இது மொக்கை, சிரிக்கத்தான் போடுறோம்' என்று சொல்லும்போது, அந்தப் பாட்டு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை நாம் தள்ளிப்போடுகிறோம். கூடவே நண்பர்கள் இருக்கிறார்கள், சந்தோஷமாக இருக்கிறோம். நம் ரசனையின் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, 'இவர் விருந்தாளி இல்லை, காமெடி பண்ண வந்தவர்' என்று உள்ளே விட்டுவிடுகிறார். உள்ளே வந்தவர் அப்படியே தங்கிவிடுகிறார்.

இரண்டாவது காரணம் வெட்கம் சம்பந்தப்பட்டது. நல்ல வேலை, நாலு பேர் மத்தியில் ஒரு இமேஜ் என்று வந்த பிறகு, 'எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும்' என்று சொல்வதே நாம் யார் என்பதைச் சொல்வது போலாகிவிடுகிறது. எளிமையான, சத்தமான, உணர்ச்சியை மறைக்காத பாட்டைப் பிடிக்கும் என்று சொல்லத் தயக்கம். 'ஜோக்குக்குத்தான்' என்பது அப்போது ஒரு கேடயம். பல சமயம் முதல் நாளிலிருந்தே நமக்கு அந்தப் பாட்டு பிடித்துத்தான் இருந்திருக்கும். ஒப்புக்கொள்ள ஆறு மாதம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லா மொக்கைப் பாட்டும் தங்குமா?

இல்லை. ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒன்று வைரல் ஆகிறது. அதில் பெரும்பாலானவை அடுத்த மாதம் ஞாபகத்தில்கூட இருப்பதில்லை. எழுத்தாளர் சூசன் சான்டாக் 1964இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இதற்கு உதவும். வேண்டுமென்றே மோசமாகச் செய்ததைவிட, முழு மனதோடு சீரியஸாகச் செய்து அளவு மீறிப் போனதே நம்மை அதிகம் ஈர்க்கிறது என்பது அவர் வாதம்.

தங்கிய பாட்டுகளைப் பார்த்தால் அது சரி என்றே தோன்றுகிறது. ஆஸ்ட்லியின் குரலில் குறை இல்லை. துனக் துனக்கின் தாளத்தில் குறை இல்லை. கொலவெறியின் மெட்டு ஒரு தடவை கேட்டாலே மனப்பாடம் ஆகும். வெளியே சிரிக்க ஒரு விஷயமும், உள்ளே உழைத்துச் செய்த ஒரு விஷயமும் இருந்தன. சிரிப்பு தீர்ந்த பிறகும் கேட்க ஏதோ மிச்சம் இருந்தது.

சிரிப்பின் மறுபக்கம்

இதுவரை இது ஜாலியான கதை. ஆனால் ஜோக்காகும் ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார்.

2011இல் அமெரிக்காவில் ரெபெக்கா பிளாக் என்ற 13 வயதுச் சிறுமியின் 'ஃப்ரைடே' பாட்டு, 'உலகிலேயே மோசமான பாட்டு' என்று பரவியது. குடும்பம் பணம் கட்டி எடுத்த வீடியோ அது. அந்தச் சமயத்தில் யூடியூபிலேயே அதிக டிஸ்லைக் வாங்கிய வீடியோவானது. கொலை மிரட்டல்கூட வந்தது. பள்ளியில் கேலி தாங்காமல் அவர் வீட்டிலிருந்தே படிக்க வேண்டியதாயிற்று. சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 2021 பிப்ரவரியில், அதே பாட்டின் ரீமிக்ஸை அவரே வெளியிட்டார். இன்று அவருக்கென்று உண்மையான ரசிகர்கள் இருக்கிறார்கள். உலகம் கடைசியில் மனம் மாறியது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த இடைப்பட்ட ஆண்டுகளை அனுபவித்தது ஒரு குழந்தை.

தமிழுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 2000இல் வந்த 'பெண்ணின் மனதைத் தொட்டு' படத்தில் பிரபுதேவா ஆடிய 'கல்லூரி வானில்' பாட்டுக்கு, 2007இல் ஓர் அமெரிக்கர், தமிழ் ஒலிகள் தன் காதுக்கு ஆங்கிலத்தில் எப்படிக் கேட்கின்றனவோ அப்படியே சப்டைட்டில் போட்டு யூடியூபில் ஏற்றினார். அதற்கு 'பென்னி லாவா' என்று பெயர் விழுந்தது. லட்சக்கணக்கானோர் சிரித்தார்கள். தமிழ் தெரிந்தவர்களில் சிலருக்கு அது காமெடி. சிலருக்கு 'நம்ம மொழியையே கேலிப்பொருளாக்கிட்டாங்களே' என்ற எரிச்சல். அதே வீடியோ வழியாகத்தான் பலர் பிரபுதேவாவின் ஆட்டத்தை முதல் முறை பார்த்து, வாய் பிளந்து, மற்ற பாட்டுகளையும் தேடிப் போனார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் வேர்க்கடலை விற்ற புபன் பத்யகரின் கதை பணம் சம்பந்தப்பட்டது. தெருவில் விற்பனைக்காக அவர் பாடிய 'கச்சா பாதாம்' 2022 தொடக்கத்தில் இந்தியா முழுக்க ரீல்ஸ் நடனமாகப் பரவியது. ஓர் இசை நிறுவனம் அவருக்குச் சில லட்சம் ரூபாய் கொடுத்தது. ஆனால் 2023இல், பாட்டின் உரிமை தன் கையை விட்டுப் போய்விட்டது, தன் பாட்டைத் தானே பாட முடியவில்லை என்று அவர் புகார் சொன்னார். கோடிக்கணக்கான பார்வைகள், அதை உருவாக்கியவருக்கு நிலையான வருமானமாக மாறும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

சேர்ந்து சிரித்தவர்

எடுவார்ட் கில் சோவியத் காலத்தின் மதிப்புமிக்க பாடகர். வார்த்தைகளே இல்லாமல், ராகமாக மட்டும் அவர் பாடிய ஒரு பழைய தொலைக்காட்சிப் பதிவு 2010இல் 'டிரோலோலோ' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. அப்போது அவருக்கு 75 வயது. அவர் கோபப்படவில்லை. இந்தப் பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து வார்த்தைகள் எழுதுங்கள், நான் பாடுகிறேன் என்று ரசிகர்களை அழைத்தார். 2012இல் அவர் இறந்தபோது, கேலியாக அவரைத் தெரிந்துகொண்டவர்கள் பலரும் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள்.

எல்லோரும் அவர் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. 75 வயதில் பேரும் புகழும் பார்த்தவரும் 13 வயதுச் சிறுமியும் ஒன்றல்ல.

எனவே அடுத்த தடவை வேனில் யாராவது ஒரு 'மொக்கை' பாட்டைப் போட்டால் தாராளமாகச் சிரிக்கலாம். பாட்டைக் கலாய்ப்பது வேறு, பாடியவரின் முகம், மொழி, வறுமையைக் கலாய்ப்பது வேறு. அந்தக் கோடு மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும். அப்புறம், திங்கட்கிழமை அதே பாட்டைத் தனியாகக் கேட்கத் தோன்றினால், அதை எழுதியவர் பெயரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது. பக்கத்து சீட்காரர் ஹெட்போனிலும் அதுவே ஓடிக்கொண்டிருக்கலாம்.